வட்டெழுத்தும் ஏ.வி.ஐ.யும்

திருவண்ணாமலையிலிருந்து பெங்களூர் போகிற பாதையில் செங்கம் என்று ஓர் ஊர். அந்த வட்டாரத்தில் ஏரிக்கரை, வயல்வரப்பு, புளியமரத்தடி என்று எங்கே பார்த்தாலும் பலகைக் கற்கள் நட்டிருக்கும். கல்லில் வில்லும் கத்தியுமாக ஒரு வீரன். பக்கத்தில் சில வரி எழுத்து. உள்ளூர்க்காரர்களைக் கேட்டால், 'வேடியப்பன் சாமிங்க' என்பார்கள். பொங்கல் வைப்பார்கள், எண்ணெய் தேய்ப்பார்கள், கும்பிடுவார்கள்.

ஆனால் அந்த எழுத்தில் என்ன இருக்கிறது? பல நூறு வருஷம் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. காரணம், அது வட்டெழுத்து. தமிழேதான். ஆனால் எழுத்து வேறு. அந்த எழுத்து வழக்கொழிந்து போனதும், படிக்கிற வித்தையும் கூடவே போய்விட்டது. கல் பத்திரமாக இருந்தது. சேதிதான் உள்ளேயே அடைபட்டுக் கிடந்தது.

வட்டெழுத்து படிக்கத் தெரிந்த சில பேர் வந்தார்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை ஊர் ஊராகப் போய்ப் படியெடுத்தது. 1972ல் செங்கம் நடுகற்கள் புத்தகமாகவே வந்தன. எடுத்தனூரில் ஒரு கல். வீரன் காலடியில் ஒரு நாய். படித்துப் பார்த்தால், ஆநிரை மீட்கிற சண்டையில் கருந்தேவக்கத்தி என்பவன் செத்துப் போயிருக்கிறான். அவன் வளர்த்த நாய் கள்ளனைக் கடித்துக் காவல் காத்திருக்கிறது. நாயின் பேர் கோவிவன். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நாய்!

எழுத்தைப் படிக்க ஆள் இல்லாமலே போயிருந்தால் கல்லும் இருந்திருக்கும், நாயும் இருந்திருக்கும். கோவிவன் மட்டும் இருந்திருக்க மாட்டான்.

சரி, இப்போது உங்கள் வீட்டு பீரோவைத் திறங்கள். பட்டுப்புடவைக்கு அடியில், பத்திரங்களுக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் கவரில் ஒரு சிடி இருக்கும். அக்கா கல்யாணம். அல்லது பையனுக்கு மொட்டையடித்துக் காது குத்தியது. அல்லது தாத்தாவைக் கூட்டிக்கொண்டு கார்த்திகை தீபம் பார்க்கப் போனது. எடுத்துக் கம்ப்யூட்டரில் போடுகிறீர்கள். திரை கறுப்பாக இருக்கிறது. நாதஸ்வரம் மட்டும் கேட்கிறது. கூடவே ஒரு பெட்டி முளைத்து, இதை ஓட்டத் தேவையான கோடெக் உங்களிடம் இல்லை என்று சொல்கிறது.

சிடி கெடவில்லை. கீறல் இல்லை. சேதி உள்ளே பத்திரமாக இருக்கிறது. படிக்கத்தான் ஆளில்லை. செங்கம் கல்லின் கதையேதான் இது. ஒரே வித்தியாசம், அங்கே எழுத்து மறக்க ஆயிரம் வருஷம் பிடித்தது. இங்கே பத்து, பதினைந்து வருஷம் போதும்.

இந்த 'கோடெக்' எங்கிருந்து வந்தது? யார் கண்டுபிடித்தார்கள்? யார் பூட்டு போட்டார்கள்? யார் உடைத்தார்கள்? ஒரு சின்ன சரித்திரம் இருக்கிறது. அதில் கிண்டிக்கும் ஒரு பங்கு உண்டு.

*

முதலில் ஒரு கணக்கு.

மலையுச்சியில் தீபம் ஏற்றுகிறார்கள். நீங்கள் விடியோ எடுக்கிறீர்கள். நம்மூர் டிவி கணக்குப்படி ஒரு படத்தில் குறுக்கே 720 புள்ளி, நெடுக்கே 576 புள்ளி. விநாடிக்கு 25 படம். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண். பெருக்கிப் பாருங்கள். ஒரு விநாடிக்குச் சுமார் 31 மெகாபைட் வருகிறது. ஒரு சிடியின் கொள்ளளவு 700 மெகாபைட். ஆக, அப்படியே அள்ளிப் போட்டால் ஒரு சிடியில் இருபத்துச் சொச்ச விநாடிதான் அடங்கும். 'அண்ணாமலையாருக்கு அரோகரா' என்று நாலு தடவை சொல்வதற்குள் சிடி தீர்ந்துவிடும்.

எனவே சுருக்க வேண்டும். சுருக்குவதற்கு ஒரு சூத்திரம், சுருக்கியதை விரிப்பதற்கு அதே சூத்திரத்தின் மறுபக்கம். இரண்டுக்கும் சேர்த்து வைத்த பேர்தான் கோடெக். சுருக்கியவருக்கும் விரிப்பவருக்கும் ஒரே சூத்திரம் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கறுப்புத் திரைதான்.

எப்படிச் சுருக்குகிறார்கள்? இரண்டு தந்திரம்.

ஒன்று, மாறாததைத் திரும்பச் சொல்லாதே. மலை நகரப் போவதில்லை. கோபுரம் நகரப் போவதில்லை. ஜோதி மட்டும்தான் அசைகிறது. எனவே மலையை ஒரு தடவை எழுதிவிட்டு, அடுத்தடுத்த படங்களில் 'முன்னே சொன்ன மாதிரியே, ஆனால் இந்த இடத்தில் மட்டும் இப்படி' என்று எழுதினால் போதும்.

இரண்டாவது தந்திரம் கொஞ்சம் நுணுக்கமானது. படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டிக்கொள்வது. எட்டுக்கு எட்டுப் புள்ளி உள்ள கட்டம். அந்தக் கட்டத்துக்குள் வெளிச்சம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை அலைகளாகப் பிரித்து எழுதுவது. ராத்திரி ஆகாயம் இருக்கிற கட்டத்தில் என்ன இருக்கும்? ஒரே கறுப்பு. அதற்கு 64 எண் எதற்கு? ஒரு எண் போதுமே! மரம், மட்டை என்று நுணுக்கமாக இருக்கிற கட்டங்களில்கூட, நம் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத மிக நுண்ணிய அலைகளைத் தூக்கிப் போட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது.

இந்த இரண்டாவது தந்திரத்துக்கு டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம் என்று பேர். வாயில் நுழையாவிட்டால் டி.சி.டி. என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை உலகத்துக்குக் கொடுத்தவர்கள் மூன்று பேர். நசீர் அகமது, நடராஜன், கே.ஆர்.ராவ்.

நசீர் அகமது பெங்களூர்க்காரர். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1972ல் இந்த யோசனை உதித்ததும், ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு அமெரிக்காவின் தேசிய அறிவியல் நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டார். முடியாது என்று சொல்லிவிட்டார்கள். யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்றாராம் அதைப் படித்துப் பார்த்த ஒருவர். மனிதர் அசரவில்லை. 1973 கோடை விடுமுறையில், சம்பளம் இல்லாவிட்டால் போகிறது என்று உட்கார்ந்து அதையே நோண்டினார். கூட அவருடைய மாணவர் நடராஜன். டெக்ஸாஸிலிருந்து நண்பர் ராவ்.

இந்த ராவ் யார்? கமிசெட்டி ராமமோகன ராவ். 1952ல் நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் பட்டம் வாங்கியவர். பிறகு அமெரிக்கா போய் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்டன் வளாகத்தில் பல பத்தாண்டுகள் பாடம் நடத்தினார். 2021ல் காலமானார்.

மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1974 ஜனவரியில் வந்தது. மொத்தமே நாலு பக்கம். இன்று நீங்கள் செல்போனில் எடுக்கிற போட்டோ, டிவியில் பார்க்கிற சீரியல், யூடியூபில் பார்க்கிற சமையல் என்று ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அடியில் அந்த நாலு பக்கம் இருக்கிறது. பத்திரிகையில் வெளியான சங்கதி. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், புரிந்துகொள்ளலாம்.

ஆக, வித்தை பொதுவில்தான் இருந்தது. பூட்டு அப்புறம்தான் வந்தது.

*

1988ல் ஒரு குழு கூடியது. லியனார்டோ கியாரிக்லியோனே என்ற இத்தாலியர் முன்னின்று நடத்தினார். குழுவின் பேர் எம்பெக். ஆளாளுக்கு ஒரு விதமாகச் சுருக்கிக்கொண்டிருந்தால் உருப்படாது, எல்லாருக்கும் பொதுவாக ஒரு முறை வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். முதல் பிள்ளை எம்பெக்-1. அதை வைத்து 1993ல் பிறந்ததுதான் விசிடி.

விசிடியை நம்மூருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒரு சிடிக்கு 74 நிமிஷம். தமிழ்ப் படம் இரண்டரை மணி நேரம். ஆகவே இரண்டு சிடி, சில படங்களுக்கு மூன்று. க்ளைமாக்ஸுக்கு முன்னால் எழுந்து போய் சிடி மாற்றிய தலைமுறை நாம். கேசட்டில் இருந்த கல்யாணத்தையெல்லாம் ஸ்டூடியோக்காரர்கள் விசிடியாக மாற்றிக் கொடுத்தார்கள். விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட்டால் மறுபேச்சில்லாமல் ஓடியது.

அடுத்தது எம்பெக்-2. டிவிடிக்கு உயிர் கொடுத்த முறை. படம் பளிச்சென்று இருந்தது. ஆனால் இதற்குள்ளே நிறையக் கம்பெனிகளின் காப்புரிமைகள் இருந்தன. ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் போய் நிற்க முடியாது என்பதால் 1997ல் எல்லாக் காப்புரிமையையும் ஒரே மூட்டையாகக் கட்டி வசூலிக்க எம்பெக் எல்.ஏ. என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். 2002 முதல், விரித்துக் காட்டும் ஒவ்வொரு கருவிக்கும் மென்பொருளுக்கும் இரண்டரை டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 120 ரூபாய்.

இப்போது புரிகிறதா, விண்டோஸ் எக்ஸ்பி வாங்கி, டிவிடி டிரைவும் வாங்கிப் போட்டு, டிவிடியையும் போட்டால் ஏன் ஓடவில்லை என்று? அதற்கான டிகோடர் எக்ஸ்பியோடு வரவில்லை. தனியாக வாங்கிப் போட வேண்டும். காரை விற்றுவிட்டு, ஸ்டியரிங் வேறு கடையில் கிடைக்கும் என்று சொல்வது மாதிரி.

இந்தக் கப்பம் பின்னாலும் விடவில்லை. 2012ல் பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளுக்காக ராஸ்பெரி பை என்று ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் விட்டார்கள். விலை 35 டாலர். எம்பெக்-2 கட்டணத்தையும் சேர்த்தால் விலை கட்டுப்படியாகாது. ஆகவே வேண்டியவர்கள் மட்டும் 2 பவுண்டு 40 பென்ஸ் கட்டி ஒரு சாவி எண் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். அதே வருஷம் வந்த விண்டோஸ் 8, டிவிடி ஓட்டுகிற வசதியையே அடிப்படைப் பதிப்பிலிருந்து எடுத்துவிட்டது. அமெரிக்காவில் எம்பெக்-2 காப்புரிமைகளில் கடைசியானது 2018ல்தான் காலாவதி ஆனது. அதற்குள் டிவிடியே காலாவதி ஆகிவிட்டது என்பது வேறு விஷயம்.

*

நடுவில் ஒரு கலகம் நடந்தது.

1999. மைக்ரோசாஃப்ட் எம்பெக்-4 வகையில் ஒரு கோடெக் செய்திருந்தது. அபாரமான சுருக்கம். ஆனால் ஒரு நிபந்தனை. மைக்ரோசாஃப்டின் சொந்த டப்பாவான ஏ.எஸ்.எஃப்.பில் மட்டும்தான் போடலாம். எல்லோரும் புழங்குகிற ஏ.வி.ஐ. டப்பாவில் போட விடாது.

டப்பா வேறு, கோடெக் வேறு. இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடுவோம். தூக்குச்சட்டி ஒன்றுதான். அதில் சாம்பாரும் கொண்டுபோகலாம், பாயசமும் கொண்டுபோகலாம். ஏ.வி.ஐ. என்பது தூக்குச்சட்டி. உள்ளே எந்தக் கோடெக்கில் சமைத்த விடியோ இருக்கிறது என்பது மூடியைப் பார்த்தால் தெரியாது. ஒரே கம்ப்யூட்டரில் ஒரு ஏ.வி.ஐ. ஓடும், இன்னொரு ஏ.வி.ஐ. ஓடாது. நம்மாட்கள் தலையைப் பிய்த்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

பிரான்ஸில் ஜெரோம் ரோட்டா என்று ஓர் இளைஞர். தான் செய்த வேலைகளைக் காட்டி வேலை தேடுவதற்காக ஒரு விடியோ வைத்திருந்தார். புதிதாக வந்த விண்டோஸ் மீடியா ப்ளேயரில் அது ஓடவில்லை. தன் விடியோவைத் தானே பார்க்க முடியாத அந்த எரிச்சலில்தான் அவர் மைக்ரோசாஃப்ட் கோடெக்கைப் பிரித்து மேய்ந்தார் என்று சொல்வார்கள். ஏ.வி.ஐ.க்குப் போட்டிருந்த தடையை நீக்கிவிட்டு, அதற்கு டிவ்எக்ஸ் என்று பேர் வைத்து விட்டுவிட்டார். பேருக்குப் பின்னால் ஒரு கண்ணடிக்கும் பொம்மை வேறு.

கண்ணடித்தது எதற்கு? அதே பேரில் அமெரிக்காவில் ஒரு வாடகை டிவிடித் திட்டம் இருந்தது. தட்டை வாங்கிப் போட்டால் 48 மணி நேரம்தான் ஓடும். அப்புறம் திரும்பப் பணம் கட்ட வேண்டும். ப்ளேயரை டெலிபோன் லைனில் சொருகி வைக்க வேண்டும். ஜனங்கள் சீ போ என்று தள்ள, 1999ல் கடையை மூடினார்கள். அந்தப் பேரைத்தான் ரோட்டா நக்கலுக்கு எடுத்துக்கொண்டார்.

ஒரு முழு டிவிடிப் படம் ஒற்றை சிடிக்குள் அடங்கியது. உலகம் பற்றிக்கொண்டது. திருட்டு சிடிக்காரர்களுக்கும் கொண்டாட்டம்தான், மறைப்பதற்கில்லை. தமிழ்நாட்டில் திருட்டு விசிடி தலைவிரித்தாடி, 2004ல் குண்டர் சட்டத்திலேயே விடியோ திருடர்களையும் சேர்க்க வேண்டி வந்தது. கத்தி கறிகாயும் நறுக்கும், கழுத்தையும் அறுக்கும். அதற்காகக் கறிகாய் நறுக்காமல் இருக்க முடியுமா?

அடுத்து நடந்ததுதான் சுவாரசியம். ரோட்டாவும் நண்பர்களும் கம்பெனி ஆரம்பித்தார்கள். மைக்ரோசாஃப்டின் சரக்கை எத்தனை நாள் வைத்துக்கொண்டிருக்க முடியும்? சொந்தமாக எழுதினார்கள். 2001 ஜனவரியில், எல்லாரும் வந்து கைகொடுங்கள் என்று சோர்ஸ் கோடைத் திறந்து வைத்தார்கள். ஓப்பன் டிவ்எக்ஸ். நிறைய பேர் ராப்பகலாக உழைத்துக் கொடுத்தார்கள். அதே வருஷம் கம்பெனி கதவைச் சாத்திக்கொண்டது. இனி இது எங்கள் தயாரிப்பு, வணக்கம்.

உழைத்தவர்கள் சும்மா இருப்பார்களா? கையில் இருந்த பழைய பிரதியை வைத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினார்கள். பேர் என்ன வைத்தார்கள் தெரியுமா? எக்ஸ்விட். டிவ்எக்ஸின் ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்தால் வருவது!

*

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது, நம் வீட்டு நிலைமை என்ன?

ரியல் ப்ளேயர் ஒன்று, விண்டோஸ் மீடியா ஒன்று, குயிக்டைம் ஒன்று. ஒருவர் சமைத்ததை இன்னொருவர் தொட மாட்டார். நோக்கியாவில் எடுத்தால் 3ஜிபி என்று இன்னொரு ஜாதி. விண்டோஸில் ஒரு வசதி இருந்தது. ஒரு கோடெக்கைத் தனியாகக் கொண்டுவந்து நிறுவிவிட்டால், இருக்கிற ப்ளேயரே அதைப் பயன்படுத்திக்கொள்ளும். எனவே ஐம்பது, அறுபது கோடெக்குகளை ஒரே மூட்டையாகக் கட்டி 'கோடெக் பேக்' என்று கொடுக்க ஆரம்பித்தார்கள். கே-லைட் என்ற மூட்டை மிகப் பிரசித்தம். கம்ப்யூட்டர் சரி செய்ய வருகிற பையன் முதலில் அதைத்தான் போடுவான்.

ஒரு மூட்டை போட்டால் ஓடும். இரண்டு மூட்டை போட்டால் இரண்டும் அடித்துக்கொண்டு எதுவுமே ஓடாது. இது போதாதென்று, இந்தத் தவிப்பைக் காசாக்கவும் ஆட்கள் வந்தார்கள். 'இந்த விடியோவைப் பார்க்க இந்தக் கோடெக்கை நிறுவுங்கள்' என்று ஒரு பெட்டி முளைக்கும். அழுத்தினால் வந்து உட்காருவது கோடெக் இல்லை, வைரஸ். 2005, 2006 வாக்கில் ஸ்லாப் என்ற பேரில் உலகம் பூராவும் ஆட்டம் போட்டது இதுதான்.

விடிவு பாரிஸிலிருந்து வந்தது. எக்கோல் சென்ட்ரல் பாரிஸ் என்று ஒரு கல்லூரி. மாணவர் விடுதியில் நெட்வொர்க் ஆமை வேகம். கம்ப்யூட்டரில் கேம்ஸ் விளையாட முடியவில்லை. புதுசு வேண்டுமென்றால் காசு கொடுப்பவருக்கு ஏதாவது காரணம் காட்ட வேண்டுமே? சாட்டிலைட் டிஷ் ஒன்று வைத்து, டிவி நிகழ்ச்சிகளை நெட்வொர்க் வழியே எல்லா அறைக்கும் அனுப்பிக் காட்டுகிறோம் என்றார்கள். 1996ல் விடியோலான் பிறந்தது இப்படித்தான். வாங்கிப் பார்க்கிற பக்கத்து மென்பொருளுக்குப் பேர் விடியோலான் கிளையன்ட். சுருக்கமாக வி.எல்.சி.

2001 பிப்ரவரியில் அதன் சோர்ஸ் கோடைப் பொதுவில் வைத்துவிட்டார்கள். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், திருப்பிக் கொடுக்கலாம். ஆரஞ்சு நிறத்தில் ஒரு கூம்பு தெரியுமே? ரோட்டில் பள்ளம் தோண்டினால் வைப்பார்களே, அதுதான். மாணவர்கள் விளையாட்டுக்குச் சேர்த்து வைத்திருந்த கூம்புகள் சின்னமாகிவிட்டன.

வி.எல்.சி. செய்த புண்ணியம் ஒன்றே ஒன்று. உன் கம்ப்யூட்டரில் எந்தக் கோடெக் இருக்கிறது என்று அது கேட்கவே கேட்காது. எல்லாவற்றையும் தானே வயிற்றுக்குள் சுமந்துகொண்டு வரும். மூட்டை, முடிச்சு எதுவும் வேண்டாம்.

அந்த வயிற்றுக்குள் இருப்பதில் பெரும்பங்கு இன்னொரு பிரெஞ்சுக்காரர் ஆரம்பித்து வைத்தது. ஃபாப்ரிஸ் பெல்லார். பையின் மதிப்பை 2 லட்சத்து 70 ஆயிரம் கோடி இலக்கம் வரைக்கும், சாதாரண கம்ப்யூட்டரிலேயே கணக்குப் போட்டு 2009ல் சாதனை செய்த ஆசாமி. 2000ல் அவர் எஃப்.எஃப்.எம்பெக் என்று ஒன்றைத் தொடங்கினார். கம்பெனிகள் மூடி வைத்திருந்த கோடெக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே என்ன நடக்கிறது என்று ஊகித்து, சோதித்து, சொந்தமாகத் திருப்பி எழுதுகிற வேலை. உலகெங்கும் இருந்து தொண்டர்கள் வந்து சேர்ந்தார்கள். பலருக்குச் சல்லிக்காசு கிடையாது.

யோசித்துப் பாருங்கள். வட்டெழுத்துக் கல்லின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவிப் படிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

*

'அட போங்க சார், ஏதோ ஒண்ணு, படம் ஓடினா சரி. இதுக்குப் போய் இவ்ளோ பெரிய கதையா?' என்கிறீர்களா?

இன்டியோ என்று ஒரு கோடெக். இன்டெல் கம்பெனியின் தயாரிப்பு. 1990களில் கம்ப்யூட்டர் விடியோவில் பரவலாகப் புழங்கியது. நிறைய சிடிக்கள் அதில் வந்தன. 2009 டிசம்பரில் பாதுகாப்புக் காரணம் சொல்லி, விண்டோஸ் எக்ஸ்பியின் மீடியா ப்ளேயரில் இன்டியோ இயங்காதபடி மைக்ரோசாஃப்ட் செய்துவிட்டது. காரணம் நியாயமானதுதான். அதில் வைரஸ் புகுகிற ஓட்டைகள் இருந்தன. ஆனால் இன்டியோவில் தன் குழந்தையின் முதல் நடையைப் பதிந்து வைத்தவர் என்ன செய்வார்? கம்பெனிக்கு அதில் லாபமில்லை. சரிசெய்ய ஆர்வமுமில்லை. அந்த நடை இன்றைக்கும் ஓடுகிறதென்றால், எஃப்.எஃப்.எம்பெக் தொண்டர்கள் இன்டியோவையும் படிக்கக் கற்றுவைத்திருப்பதுதான் காரணம். ரியல் ப்ளேயர் விடியோக்களுக்கும் இதே கதி, இதே விமோசனம்.

பழைய ஃபிலிமுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ரமண மகரிஷி மலையடிவாரத்தில் நடமாடுகிற அசைபடங்கள் இன்றும் இருக்கின்றன. அந்த ஃபிலிமை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் போதும். உருவம் தெரியும். எந்தக் கம்பெனியின் அனுமதியும் வேண்டாம். நம் காலத்துச் சரித்திரமோ முழுக்க முழுக்கக் கோடெக்குக்குள் இருக்கிறது. கல்யாணம், கருமாதி, தேர், தீபம், சட்டசபை, வெள்ளம், போராட்டம், எல்லாமே. படிக்கிற வித்தை ஒரு சில கம்பெனிகளிடம் மட்டும் இருந்தால், எதை மறப்பது என்று முடிவு செய்கிற உரிமையும் அவர்களிடம் போய்விடும்.

இதில் சர்க்காருக்கும் ஒரு பாடம் நடந்தது. 2022 பிப்ரவரியில் திடீரென்று வி.எல்.சி.யின் இணையத்தளம் இந்தியாவில் திறக்கவில்லை. தடை. ஏன் என்று முன்கூட்டி ஒரு வார்த்தை இல்லை. விளைவு என்ன? அசல் இடத்தில் கிடைக்காததால் ஜனங்கள் கண்ட கண்ட தளங்களிலிருந்து இறக்கிக்கொள்ளும் ஆபத்து. எட்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் என்ற இந்திய அமைப்பின் உதவியோடு அக்டோபரில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்கள். நவம்பரில் தடை விலகியது.

உலகம் முழுக்க 600 கோடி தடவை இறக்கப்பட்ட மென்பொருள் அது. 2025 ஆரம்பத்தில் சொன்ன கணக்கு. அதை வழிநடத்துகிற ழான் பாப்டிஸ்ட் கெம்ப், விளம்பரம் போடக் கோடிக்கணக்கில் பணம் தருகிறோம் என்று வந்தவர்களை வேண்டாம் என்று அனுப்பியவர்.

*

சண்டை முடிந்துவிட்டதா? இல்லை. பேர்தான் மாறியிருக்கிறது.

2013ல் ஹெச்.இ.வி.சி. என்று ஒரு புதிய கோடெக் வந்தது. பழையதில் பாதி இடம் போதும். ஆனால் காப்புரிமைக்காரர்கள் ஒரு மூட்டையாகக் கூடாமல் பல மூட்டைகளாகப் பிரிந்து நின்று கட்டணம் கேட்டார்கள். 2017 முதல் ஐஃபோன்கள் இதில்தான் விடியோ எடுக்கின்றன. தம்பி சிங்கப்பூரிலிருந்து வந்து, கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரையும் ஐஃபோனில் எடுத்து உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டுப் போகிறான். ஓடவில்லை. இதற்கான இணைப்பைக் காசு கொடுத்து வாங்கிக்கொள் என்கிறது கம்ப்யூட்டர். 1990களில் கேட்ட அதே பல்லவி.

இந்தத் தடவை பெரிய கம்பெனிகளுக்கே அலுத்துவிட்டது. கூகுள், நெட்ஃப்ளிக்ஸ், மைக்ரோசாஃப்ட், அமேசான் எல்லாம் 2015ல் ஒன்று சேர்ந்து, கப்பம் இல்லாத கோடெக் ஒன்றை நாமே செய்வோம் என்று கிளம்பினார்கள். 2018ல் வந்தது ஏவி1. அதை வேகமாக விரித்துக் காட்டும் மென்பொருளை எழுதியது யார் என்று நினைக்கிறீர்கள்? அதே ஆரஞ்சுக் கூம்புக்காரர்கள்!

சரி, பீரோவில் இருக்கிற சிடிக்கு வருவோம். அதற்கு இந்த வாரமே செய்ய வேண்டியது மூன்று காரியம்.

முதலில் சிடியில் இருப்பதை அப்படியே ஒரு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுங்கள். வீட்டிலும் ஸ்டூடியோவிலும் எழுதிய சிடிக்களில் இருப்பது ஒரு சாயப் பூச்சு. வெயிலும் புழுக்கமும் அதைத் தின்றுவிடும். கோடெக் பிரச்னைக்கு மருந்து உண்டு. சாயம் போன சிடிக்கு மருந்தே கிடையாது.

இரண்டாவது, ஓடவில்லை என்று சொல்கிற பெட்டியை நம்பி எதையும் அழுத்தாதீர்கள். வி.எல்.சி. மாதிரி ஒரு ப்ளேயரை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிப் போட்டுப் பாருங்கள். விசிடியில் டாட் என்று முடிகிற ஃபைல்களும் அதில் ஓடும்.

மூன்றாவது, இன்று எல்லா இடத்திலும் ஓடுகிற எம்பி4 வடிவத்தில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அசலை அழிக்க வேண்டாம். சுருக்கியதைத் திரும்பச் சுருக்கினால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். அசல் இருந்தால், பின்னால் வருகிறவர்கள் இதைவிட நன்றாகப் படிக்க வழி கண்டுபிடிப்பார்கள்.

ஃபைலுக்குப் பேர் வைக்கும்போது வருஷம், ஊர், யார் யார் இருக்கிறார்கள் என்று தமிழில் ஒரு வரி எழுதிவிடுங்கள். கோவிவன் பேரைக் கல்லில் வெட்டியவன் செய்த காரியம் அதுதான். படத்தில் நாய் தெரிகிறதே, போதாதா என்று அவன் விட்டுவிடவில்லை.